கரையேறி வந்தவள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. ரொட்டிக்கு ஆர்டர் கொடுப்பதுபோல் கொடுத்தார்கள்.

மலேசியாவின் சண்டக்கான் படகுத்துறைக்கு எதிரே முப்பது வருடமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். கடலாமைகளைக் காப்பாற்ற மலேசியாவும் பிலிப்பீன்சும் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் குழு வருடத்துக்கு ஒருமுறை இங்கே கூடும். காலையில் பேசுவார்கள், மதியம் என் கடையில் சாப்பிடுவார்கள். இந்த வருடம் சிறப்பு மலர் போடுகிறார்களாம். அதில் மனதைத் தொடுகிற மாதிரி ஒரு பக்கத்தில் கதை வேண்டுமாம்.

"நீங்கதான் கதையெல்லாம் எழுதுவீங்களே மாமா" என்றான் ஜுஸ்தின். இந்தக் கரையின் வனவிலங்கு அதிகாரி அவன், என் கடையின் பழைய வாடிக்கையாளன். அட்டைப்படத்தையும் காட்டினான். நடுவில் ஒரு பச்சை ஆமை, இரு பக்கமும் இரு நாட்டு அதிகாரிகள், பின்னால் 'ஆமைக்கு எல்லை இல்லை' என்று பேனர். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஆமையைத் தவிர.

படத்தின் வலது ஓரத்தில் கொஞ்சம் சிவப்புத் துணி தெரிந்தது. வெட்டும்போது விட்டுப்போயிருக்கிறது. அது யாருடைய கைலி என்று எனக்குத் தெரியும்.

மலருக்கு மலாயில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரமாதம் என்றார்கள். நீங்கள் படிப்பது அதையல்ல. இதைத் தமிழில் எழுதுகிறேன். குழுவில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது என்பது எனக்குப் பெரிய வசதி.

(தீவின் பெயர், ஆட்களின் பெயர், குழுவின் விதி எல்லாம் நான் வைத்தவை. வரைபடத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.)

2

முதல் தொடக்கம்: "நீலக் கடல் அமைதியாக இருந்தது. அதன்மேல் எந்தக் கோடும்—"

அடித்துவிட்டேன். கடலில் கோடு தெரியவில்லை என்பதெல்லாம் கரையில் நின்று படம் எடுப்பவர்கள் சொல்வது. படகில் போகிறவனுக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று நன்றாகவே தெரியும். எந்த இடத்தில் என்ஜினை நிறுத்தச் சொல்லித் துப்பாக்கியை நீட்டுகிறார்களோ, அங்கே இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: "ஜுல்பாசர் ஆமைகளை உயிராக நேசித்தான். ஒவ்வொரு—"

இதுவும் போயிற்று. ஜுல்பாசர் பினாகான் தீவின் ஆமைக் காவலன். அவனுடைய அப்பா முறை வைத்து முட்டை அள்ளி இந்தக் கரையில் விற்றவர். அப்புறம் சட்டம் வந்தது, அள்ளியவர்களின் பிள்ளைகளுக்கே காவல் வேலை வந்தது. ஜுல்பாசர் அந்த வேலையை ஒழுங்காகப் பார்த்தான். நேசம் கீசமெல்லாம் மலருக்கு எழுதியதில் இருக்கிறது, அங்கே போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தொடக்கம்: "சல்பியாவுக்கு வலி கண்டது."

இது சரி. இங்கிருந்து போகலாம்.

3

சல்பியா ஜுல்பாசரின் மனைவி. தலைப்பிரசவம். முந்தைய நாள் மதியம் கண்ட வலி, விடியப்போகிற நேரம்வரை விடவில்லை. மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"புள்ள குறுக்கே கெடக்கு. இது என் கைக்கு மிஞ்சுனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

எந்த ஆஸ்பத்திரிக்கு? தீவு பிலிப்பீன்சுடையது. அந்த நாட்டு ஆஸ்பத்திரிக்குக் கப்பலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டும். சண்டக்கானின் விளக்குகளோ அவர்கள் வீட்டு வாசலிலிருந்தே தெரியும். ஒருகாலத்தில் அரிசிக்கும் செருப்புக்கும் பிரசவத்துக்கும் எல்லோரும் இங்கேதான் வந்தார்கள். சல்பியாவே இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள்தான். பிறகு கடலில் துப்பாக்கிக்காரர்கள் தொல்லை வந்தது, காகிதம் இல்லாத படகுகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். பினாகானில் யாரிடமும் காகிதம் கிடையாது.

ஒரே ஒரு படகை மட்டும் யாரும் திருப்ப மாட்டார்கள். பக்கவாட்டில் ஆமை வரைந்த படகு, குழு கொடுத்த ரோந்துப் படகு. காயம்பட்ட ஆமையை அக்கரைச் சிகிச்சை மையத்துக்கு ஏற்றிவரும் படகை எந்த நாடும் தடுக்கக் கூடாது, துணைக்கு இருவர் வரலாம் என்று விதி போட்டிருந்தார்கள். நல்ல விதி. அதுவரை அதை ஒருமுறைகூட யாரும் பயன்படுத்தியதில்லை.

"படகு இருக்கு, பெட்ரோல் இருக்கு. ஆமைதான் இல்ல" என்றான் ஜுல்பாசர்.

"என்னைப் பாத்தா ஆமையாட்டம் தெரியலியா? நாலு கால்லதானே ஊர்ந்துட்டிருக்கேன்."

"சாகப்போற நேரத்திலயும் உன் வாயி மட்டும் அடங்காது."

"அது அடங்கினாத்தான் நீ பயப்படணும். போ, போயி ஒருத்தியப் புடிச்சிட்டு வா."

(இந்த உரையாடலை நான் கற்பனை செய்தேன். பிறகு ஜுல்பாசரிடம் படித்துக் காட்டியபோது ஒரு திருத்தம் சொன்னான். 'சாகப்போற நேரத்திலயும்' என்று அவன் சொல்லவே இல்லையாம். எடுத்துவிட நினைத்தேன். பிறகு, அதை எழுதியது நான்தான், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.)

4

இந்தக் கதாபாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இந்த இடத்தில்தான்.

முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: ஜுல்பாசர் கடற்கரைக்கு ஓடுகிறான். முட்டையிட்டு முடித்த ஓர் ஆமை கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அதை மறிக்கிறான், அதன் துடுப்புக் காலில் பழைய நைலான் வலையைச் சுற்றி இறுக்குகிறான். காயம்பட்ட ஆமை தயார். படகு கிளம்புகிறது.

இதை என் மனைவி மஹாராவிடம் படித்துக் காட்டினேன். அவள் பினாகான்காரி. கறியைக் கிளறிக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்தாள்.

"யாரு இவன்?"

"ஜுல்பாசர்தான்."

"இல்ல. இவன் உங்க ஊரு ஆளு. பேர மட்டும் எங்க பேரா வச்சிருக்கீங்க."

"என்ன தப்பு?"

"முட்ட போட்டுட்டுத் திரும்புறவள எங்க ஆளு எவனும் மறிக்க மாட்டான். அவ குடுக்க வந்தத குடுத்துட்டா. அப்புறம் அவகிட்ட என்ன இருக்கு கேக்குறதுக்கு? சின்னப் புள்ளைங்ககூட அந்தத் தடத்துக்குக் குறுக்க நிக்காது."

"பொண்டாட்டி உயிருக்குக் கெடக்குறாளே, மஹாரா."

"கெடந்தாலும்தான். ஏறி வர்றவளப் புடிப்பான். எறங்கிப் போறவள விட்டுருவான்."

"அந்த நேரத்துல இதெல்லாம் யோசிப்பானா?"

"யோசிக்க மாட்டான். அதான் சொல்றேன். யோசிக்காமலேயே விட்டுருவான்."

எனக்குக் கோபம் வந்தது. நாற்பது பக்கம் எழுதினாலும் நாலு வரி எழுதினாலும் என் கதையில் என் பேச்சு எடுபடாது. ஆனால் அவள் அடுத்து ஒன்று கேட்டாள்.

"சரி, திரும்பிப் போறவளத்தான் புடிச்சான்னு வச்சுக்குவோம். அப்ப அன்னிக்குப் படகுல கெடந்த ஆமை முட்டையெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?"

பிரதியைக் கிழித்துப் போட்டேன்.

5

திருத்திய பிரதி.

வெளுக்கும் நேரம். ஆமைப் பருவத்தின் உச்சம். இரவெல்லாம் முட்டையிட்டவர்கள் ஒவ்வொருத்தியாகக் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜுல்பாசர் வலைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் நின்றான். ஒருத்தி அவன் காலுக்குப் பக்கத்தில் போனாள். அவன் நகர்ந்து வழிவிட்டான். இன்னொருத்தி போனாள். அவளுக்கும் வழிவிட்டான். பின்னால் வீட்டிலிருந்து சல்பியாவின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் அவனைத் திட்டலாம். நான் எழுதும்போதே திட்டினேன். குனிந்து தூக்கடா முட்டாளே என்று காகிதத்தின் ஓரத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

வெளிச்சம் வந்துவிட்டால் புதிதாக யாரும் கரையேற மாட்டார்கள். அவனுக்கு அது தெரியும். ஆனாலும் நின்றான். கடைசியில், எல்லோரும் போன பிறகு, தாமதமாக ஒருத்தி அலையிலிருந்து ஏறி வந்தாள். அவளை மறித்தான். முன் துடுப்பில் வலையைச் சுற்றித் தோல் கிழியும்வரை இழுத்தான். அதுவரை வாழ்நாளில் எந்த ஆமையையும் அவன் காயப்படுத்தியதில்லை. அவர்கள் ஆமைக்கறி தின்கிறவர்களும் அல்ல. கை நடுங்கியது என்று எழுதினால் பொய். இறுக்கிக் கட்டினான், அவ்வளவுதான்.

அக்கம்பக்கத்து ஆட்கள் சேர்ந்து ஆமையைப் படகில் ஏற்றினார்கள், பிறகு சல்பியாவை. ஜுல்பாசர் ரேடியோவை எடுத்தான்.

"காயம்பட்ட ஆமை ஒன்னு வருது. கூட ரெண்டு பேரு."

அந்தப் பக்கத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பிறகு ஒரே சந்தோஷக் கூச்சல்.

6

கடலில் நடந்ததை எழுதுவது சிரமம். வலி எழுதினால் வராது, நான் ஆண்பிள்ளை வேறு. அதனால் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பாதிக் கடலில், எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகு, ஆமை படகின் அடிப்பலகையிலேயே முட்டையிட ஆரம்பித்தது. குழி தோண்ட மணல் இல்லை, திரும்பிப் போகவும் வழி இல்லை, அதற்கு மேல் அடக்க அதனால் முடியவில்லை. வெள்ளை வெள்ளையாக உருண்டன. படகு ஆடும்போதெல்லாம் பலகையில் மோதின.

சல்பியா பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டி அவற்றைத் தன் கைலிக்குள் சேர்த்துக்கொண்டாள், உடையாமல் இருக்க. சிவப்புக் கைலி.

"உனக்கும் இன்னிக்குத்தானாடி நாள் கெடச்சுது?" என்று ஆமையைக் கேட்டாள்.

"தூக்கிக் கடல்ல போடு. முட்ட இருக்கக் கூடாது" என்றான் ஜுல்பாசர்.

"போட மாட்டேன்."

"பாத்தா என்னைப் புடிச்சு உள்ள போட்டுருவாங்க சல்பியா."

"நீ காவல்காரன்தானே. காவல்காரன எவன் புடிப்பான்? ஓட்டு வேகமா."

கடலில் போட்ட ஆமை முட்டை செத்த முட்டை. அது இருவருக்கும் தெரியும். அதனால்தான் அவன் இரண்டாவது தடவை சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அவர்கள் மொழியில் அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்கள் கீழக்கரைப் பக்கத்திலும் அண்ணன் காக்காதான். ஜுல்பாசர் என்னைக் காக்கா என்று கூப்பிட்ட முதல் நாளே அவனுக்கு இரண்டு ரொட்டி இனாமாகக் கொடுத்தேன். கதைக்கு இது தேவையில்லை. படகு துறைக்கு வந்து சேர்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடத்தான் எழுதுகிறேன்.)

7

துறையில் பேனர் கட்டியிருந்தார்கள்.

விதி முதன்முதலாக வேலை செய்கிறதல்லவா? மேலிடத்திலிருந்து ஆட்கள், புகைப்படக்காரர், குழுக் கூட்டத்துக்கு முந்தைய நாளே வந்திறங்கிய பிலிப்பீன்சு அதிகாரி ஒருவர். என் கடைக்கு டீ சொல்லிவிட்டிருந்தார்கள். தட்டோடு போய் நின்றேன், அதனால் இனிமேல் வருவது கற்பனை இல்லை.

படகு வந்தது. நாலு பேர் இறங்கி ஆமையைத் தூக்கிப் பலகைமேல் வைத்தார்கள். அதிகாரிகள் இருபுறமும் குந்தினார்கள். சல்பியா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து துறையில் கால்வைத்தாள். கைலியை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"அந்தம்மாவக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லுங்க" என்றார் புகைப்படக்காரர்.

"ஆஸ்பத்திரிக்கு—" என்று ஜுல்பாசர் ஆரம்பித்தான்.

"ஒரு நிமிஷம் தம்பி. ஆமைக்கு மொதல்ல."

சல்பியா ஒதுங்கினாள். ஒதுங்கும்போது கைலியின் பிடி நழுவியது. முட்டைகள் துறைப் பலகையில் உருண்டு அதிகாரிகளின் கால் சப்பாத்துவரை போயின.

 இந்தக் கரையில் ஆமை முட்டை வைத்திருந்தால் சிறை. பினாகான் படகில் முட்டை என்றால் கேட்கவே வேண்டாம், ஊரே கதை சொல்லும். ஜுஸ்தின் என்னைப் பார்த்தான். தனியாக இருந்திருந்தால் அவன் கண்டும் காணாமல் விட்டிருப்பான், அவன் கெட்டவன் இல்லை. ஆனால் கேமரா இருந்தது, மேலிடம் இருந்தது, பக்கத்து நாட்டுக்காரர் இருந்தார்.

"ஆமை போட்டுதுங்க துவான். படகுலயே போட்டுது" என்றான் ஜுல்பாசர். இங்கே ஐயாவுக்குத் துவான்.

"எல்லாரும் இததான் சொல்றாங்க" என்றார் மேலிடத்துக்காரர்.

"வண்டியில ஏத்துங்க துவான், அந்தப் பொண்ணு செத்துரும்" என்று நான் மலாயில் கத்தினேன். டீத்தட்டோடு கத்துகிறவனை யார் மதிக்கிறார்கள்? ஜுல்பாசரின் கையைப் பின்னால் கட்டினார்கள். துணைக்கு இருவர் வரலாம் என்ற விதியில் ஒருவர் குறைந்தார்.

8

துறையில் ஒரே ஒரு வண்டிதான் இருந்தது, ஆமைக்காக வந்த வண்டி. ஜுஸ்தின் சல்பியாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஆமைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான். யாரிடமும் கேட்கவில்லை, தானும் முன்னால் ஏறிக்கொண்டான். இதை அவன் கணக்கில் எழுதிவிடுகிறேன், அன்றைக்கு அவன் செய்த ஒரே நல்ல காரியம்.

மார்க்கெட்டைத் தாண்டியதும் சாலை பிரிகிறது. இடது பக்கம் ஆஸ்பத்திரி. வலது பக்கம் ஆமைகளின் சிகிச்சை மையம், அங்கே இரண்டாவது படத்துக்குப் புகைப்படக்காரர் மோட்டார் சைக்கிளில் முன்னாலேயே போய்க் காத்திருந்தார். பிரிவில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினான்.

"எந்தப் பக்கம் துவான்?"

ஜுஸ்தின் பதில் சொல்லவில்லை. பின்னாலிருந்து சல்பியாதான் சொன்னாள் என்று பிறகு ஓட்டுநர் என்னிடம் சொன்னான்: "எங்கியாச்சும் திருப்புங்கடா, நின்னுட்டே இருக்காதீங்க."

இதற்குமேல் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் குழந்தை வண்டியிலேயே பிறக்கிறது, ஆமைக்குப் பக்கத்தில், அழகாக. மலருக்கு எழுதியது அதுதான். அதில் முட்டை வரவில்லை, கைவிலங்கும் வரவில்லை. இன்னொன்றில் வண்டி இடது பக்கம்— வேண்டாம். மூன்றாவதில்—

மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தபோது ஒன்று தெரிந்தது. மூன்றிலும் ஆமை பிழைக்கிறது. ஆமை சாகிற மாதிரி ஒரு முடிவை எழுத எனக்கு வரவேயில்லை. அதைச் சாகவிட ஒருவரும் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

நிஜத்திலும் அது நன்றாகவே இருக்கிறது. காயத்துக்குத் தையல் போட்டு, முதுகில் இடம் காட்டும் கருவி பொருத்தி, இரு நாட்டுக் கொடிகளுக்கு நடுவே கடலில் விட்டார்கள். உடையாத முட்டைகளைப் பொரிப்பகத்தில் புதைத்தார்கள், குஞ்சுகள் கடலுக்குப் போகும் படம் மலரின் இரண்டாம் பக்கத்தில். சாப்பிட வரும்போதெல்லாம் ஜுஸ்தின் போனை நீட்டுவான். திரையில் ஒரு சின்னப் புள்ளி.

"இன்னிக்கு எங்க இருக்கா பாருங்க மாமா. ரெண்டு தடவ எல்லை தாண்டிட்டா."

அந்தப் புள்ளியைத் தவிர, அன்றைக்கு நடந்த வேறு எதைப் பற்றியும் அவன் என்னிடம் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. சோறு வைத்துவிட்டுப் போய்விடுவேன். ஆனால் மனதுக்குள் எனக்கு எரியும். அந்த எரிச்சல் இந்தக் கதை முழுக்க இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

9

ஜுல்பாசரை விடுதலை செய்து கப்பலேற்றும் நாளில் ஜுஸ்தின் அவனை என் கடைக்குக் கூட்டி வந்தான். சாப்பாடு தன் கணக்கு என்று சொல்லிவிட்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டான். உள்ளே வந்து எங்களோடு உட்கார அவனுக்கு முகம் இல்லை.

மஹாரா மரவள்ளிப் புட்டும் மீனும் வைத்தாள். ஜுல்பாசர் சாப்பிட்டான். மெலிந்திருந்தான்.

"எங்களப் பத்தி எழுதுறீங்களாம் காக்கா?"

"எழுதிட்டிருக்கேன்."

"படிங்க."

எழுதியதை அவனுக்குப் புரிகிற மாதிரி வரிவரியாகச் சொன்னேன். மலர்க் கதையை அல்ல, இதை. சல்பியா நாலு காலில் ஊர்வதாகச் சொல்லும் இடத்தில் சிரித்தான். மணலில் அவன் வழிவிட்டு நிற்கும் இடத்தில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல வேற மாதிரி எழுதினீங்களாம்ல? காக்கி சொன்னாங்க."

அவன் காக்கி என்பது மஹாராவை; அவளைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

"ஆமா. அதுல நீ திரும்பிப் போறவளப் புடிச்சே."

அவன் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டான். நான் எப்போதோ போட்டு முடித்த கணக்குதான் அது. திரும்பிப் போனவளைப் பிடித்திருந்தால் மணலில் காத்திருக்க வேண்டாம். படகில் முட்டை இருக்காது. கையில் விலங்கு விழாது. வண்டியில் அவனும் இருந்திருப்பான், பிரிவில் நின்றபோது ஓட்டுநரின் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பான். நான் கிழித்துப் போட்ட அந்தப் பிரதியில் சல்பியா பிழைத்திருப்பாள்.

"அந்தத் தாளு இருக்கா காக்கா?"

"கிழிச்சிட்டேன்."

"நல்லதுதான். அந்த ஆளு நான் இல்ல." தண்ணீரைக் குடித்தான். "ஆனா இருந்திருக்கலாம்."

அவன் தம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

"வண்டி எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப அங்கியே நிறுத்திருங்க. அதுவரைக்கும் அவ பின்னாடி ஒக்காந்து எல்லாரையும் திட்டிட்டிருக்கா. அதுக்கு மேல போகாதீங்க."

வெளியே ஜுஸ்தின் ஹார்ன் அடித்தான். ஜுல்பாசர் கையைக் கழுவிவிட்டுப் போனான்.

10

அவன் சொன்னபடி நிறுத்திவிட்டேன்.

வண்டி மார்க்கெட்டுக்கு அப்பால் பிரிவில் நிற்கிறது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் ஓர் ஆமையும் ஒரு பெண்ணும். ஓட்டுநர் கேட்டுவிட்டான், அதிகாரி வாயைத் திறக்கவில்லை, கணவனைத் துறையிலேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள், எழுதுகிறவனும் பேனாவை மூடிவிட்டான். மிச்சம் நீங்கள் ஒருவர்தான். எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள், அவள் கத்துவதில் ஓட்டுநருக்குக் காது கேட்காது.